பக்கத்து வீட்டுச் சுவர்

ஆடி மாதத்தில் ஒரு நாள் துணி காயப்போடக் கொல்லைப்பக்கம் போன கலைமதிதான் அதை முதலில் கவனித்தாள். பக்கத்து வீட்டுச் சுவர் தங்கள் வீட்டுப் பக்கமாக வயிறு தள்ளி நின்றது. செம்புராங்கல்லை மண்சாந்து வைத்து அடுக்கிக் கட்டிய பழைய சுவர். அதற்குக் கீழேதான் கலைமதி மாவு அரைக்கும் அறையின் ஓட்டுக்கூரை இருந்தது. வேலங்குளப்பட்டியில் பாதித் தெருவுக்கு இட்லி மாவு அந்த அறையிலிருந்துதான் போனது.

அவள் கணவன் திருப்பதி இலுப்பூருக்கு மினிபஸ் ஓட்டுகிறவன். டியூட்டி முடிந்து வந்ததும் அழைத்துப் போய்க் காட்டினாள். அவன் உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்தான். விரல் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு மேலிருந்து கோணலாக இறங்கியிருந்தது.

"நம்ம செவரா இருந்தா நாளைக்கே ஆள விட்டு எறக்கிப்புடலாம்" என்றான். "அடுத்தவன் செவரு. கை வச்சா கேஸு."

கேஸ் என்பது சும்மா சொன்ன பேச்சில்லை. அந்த வீட்டின் சொந்தக்காரர் சின்னக்கருப்பன் இறந்த பிறகு, பிள்ளைகள் பாகப்பிரிவினைக்காகப் புதுக்கோட்டை கோர்ட்டில் நிற்கிறார்கள். மகன்கள் ஆளுக்கொரு ஊரில். உள்ளூரில் இருப்பது கடைசி மகள் பிரகதாம்பாள் மட்டும். புருசன் இல்லாதவள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து பூட்டைத் திறந்து, கூடத்தைக் கூட்டி, அப்பா அம்மா படத்துக்கு முன்னால் விளக்கு ஏற்றிவிட்டுப் போவாள். மற்ற நாளெல்லாம் அந்த வீட்டில் புறாக்கள்தான்.

கலைமதி பேரூராட்சி அலுவலகத்தில் மனுக் கொடுத்தாள். வாங்கியவர் கோபிநாத் என்ற இளநிலை உதவியாளர். வயது குறைவு, முகம் கோணாமல் பேசுகிறவர். மனுவைப் படித்துவிட்டு உட்காரச் சொன்னார்.

"நோட்டீஸு உரிமையாளருக்குத்தாங்க்கா அனுப்ப முடியும். வரி ரசீது சின்னக்கருப்பன் பேர்லதான் இருக்கு."

"அவரு செத்துப்போயிட்டாருங்க சார்."

"தெரியுது. வாரிசுக்கு அனுப்பலாம்னா, யாருக்கு எந்தப் பக்கம்னு கோர்ட்டு இன்னும் சொல்லல. ஒரு வழி இருக்கு. கைவிடப்பட்ட கட்டடம்னு முடிவாச்சுன்னா பேரூராட்சியே எறக்கிடலாம்."

மேசை இழுப்பறையிலிருந்து கட்டடப் பராமரிப்பு விதிகளை எடுத்தார். முதல் சில பக்கங்கள் முழுக்கச் சொற்களுக்கு விளக்கம். கட்டடம் என்றால் என்ன, வீடு என்றால் என்ன, உரிமையாளர் என்றால் யார், குடியிருப்பவர் என்றால் யார். கோபிநாத் விரலால் தடவி வந்து ஓர் இடத்தில் நிறுத்தி வாசித்தார்.

"கைவிடப்பட்ட கட்டடம் என்பது எவரும் குடியிராமலும், எவ்வித உபயோகத்திலும் இல்லாமலும், பராமரிப்பின்றியும் விடப்பட்ட கட்டடம்."

"அப்படியேதாங்க சார் இருக்கு!" என்றாள் கலைமதி. அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பி வரும்போது அவளுக்கு மனசு லேசாக இருந்தது.

ஆய்வுக்கு ஆள் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. அடுத்த வாரம் கலைமதி போய்க் கேட்டபோது கோபிநாத் கழுத்தைச் சொறிந்தார்.

"உள்ள வெளக்கு எரியுது, கூட்டிப் பெருக்கியிருக்குன்னு எழுதிட்டாங்க்கா. உபயோகத்துல இருக்குன்னு ஆயிருச்சு."

"சாமி வெளக்குங்க சார் அது. படத்துக்கு முன்னால ஏத்துறது."

"எந்த உபயோகமா இருந்தாலும் உபயோகந்தானே. நான் என்னக்கா பண்றது?"

கலைமதி நேராகப் பிரகதாம்பாள் வீட்டுக்குப் போனாள். எப்படிக் கேட்பது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனாள். செத்த தாய்க்கு விளக்கு ஏற்றாதே என்று ஒருத்தியிடம் எந்த வாயால் சொல்வது? பிரகதாம்பாள் வேலை முடிந்து வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"அந்தச் செவத்த நானும்தான் பாக்குறேன் கலை. ஒங்க பக்கம் சாயுறதப் பாத்தா எனக்கே பயமா இருக்கு. அண்ணங்ககிட்டச் சொன்னா, கேஸு முடியட்டும்ங்கிறாங்க."

"நான் கேக்குறது தப்புத்தாங்க்கா."

"என்ன தப்பு? படத்த எடுத்தாந்து இங்கன மாட்டிக்கிறேன். எங்க ஆத்தா எங்கிட்டு இருந்தா என்ன?"

சொன்னபடியே மறுநாள் படத்தைத் துண்டில் சுற்றி எடுத்துப் போனாள். இரண்டு வெள்ளிக்கிழமை அந்த வீட்டில் விளக்கு எரியவில்லை. ஆனால் மறு ஆய்வுக்கு ஆள் வரவில்லை. மூன்றாவது வெள்ளிக்கிழமை மாவுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்த கலைமதிக்குப் பூட்டுத் திறக்கும் சத்தம் கேட்டது. வாசலுக்கு வந்து பார்த்தாள். பிரகதாம்பாள் படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"எவனோ பெரியண்ணங்கிட்டச் சொல்லிட்டான். வெளக்க நிறுத்தினா வீட்ட நாமளே கைவிட்டுட்டோம்னு ஆயிரும், கேஸு போயிரும்னு போன்ல குதிக்கிறாரு. ஒனக்குப் பங்கே கெடையாதுன்னு அண்ணி பேசுது. எனக்குன்னு யாரு இருக்கா கலை? அவுங்களையும் விட்டுட்டு நான் எங்க போவேன்?"

கலைமதிக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். "ஏத்துங்கக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

திருப்பதி சவுக்குக் கம்பு வாங்கி வந்து சுவருக்கு முட்டுக் கொடுத்தான். ராத்திரி யாரும் மாவறையை ஒட்டிய பின்னறையில் படுப்பதில்லை என்று ஆனது. மகள் தேவிப்ரியா புதுக்கோட்டையில் காலேஜ் படிக்கிறாள். அவளுடைய கட்டிலை முன்னறைக்கு நகர்த்தினார்கள். கிரைண்டரை மட்டும் நகர்த்த முடியவில்லை. தண்ணீர்க் குழாயும் கழிவுநீர் போகிற வழியும் மாவறையில்தான் இருந்தன. அரைக்கும்போது தரை அதிரும். அந்த அதிர்வு சுவருக்கு ஆகாது என்று கலைமதிக்கும் தெரியும். அரைக்காமல் எப்படி இருப்பது?

புரட்டாசி முடிவில் மறுபடி அலுவலகத்துக்குப் போனாள். இந்த முறை திருப்பதியும் வந்தான். கைவிடப்பட்ட கட்டடம் என்று சொல்ல முடியாவிட்டால், ஆபத்தான கட்டடம் என்று சொல்ல முடியும்தானே என்று கேட்டான்.

கோபிநாத் அதை ஏற்கெனவே செய்து பார்த்திருந்தார். கோப்பு மேலே போய்த் திரும்பியும் வந்துவிட்டிருந்தது. விதிகளைப் பிரித்து அவர்கள் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"நீங்களே பாருங்கண்ணே. ஆபத்தான கட்டடம் என்பது, பொதுமக்கள் நடமாடும் தெரு, பாதை அல்லது பொது இடத்தின் மீது இடிந்து விழக்கூடிய நிலையில் உள்ள கட்டடம். தெருப்பக்கம் உள்ள செவரு நேராத்தான் நிக்குது. சாயுறது ஒங்க வீட்டுப் பக்கம். ரெண்டு தனியாருக்கு நடுவுல உள்ள வெவகாரம், சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்லுன்னு எழுதி அனுப்பிட்டாங்க."

"அப்ப நாங்க பொதுமக்கள் இல்லையா சார்?" என்று கலைமதி கேட்டாள்.

கோபிநாத் அந்தப் பக்கத்தை மறுபடி வாசித்தார். விட்டுப்போன வரி ஏதாவது கிடைக்கும் என்று தேடுகிற மாதிரி இருந்தது.

"தெருவுல நின்னா பொதுமக்கள்தாங்க்கா" என்றார். சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

படி இறங்கும்போது திருப்பதி, "வக்கீலப் பாப்பமா?" என்றான். பார்த்தார்கள். இறந்தவர் பேரில் வழக்குப் போட முடியாது, வாரிசுகள் அத்தனை பேரையும் சேர்க்க வேண்டும், ஏற்கெனவே உள்ள வழக்கு முடிந்தால் சுலபம் என்று அவரும் சொன்னார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. பெரிய மழை இல்லை. விடாமல் பிசுபிசுத்துக்கொண்டே இருந்த மழை. மண்சாந்து ஊறி, செந்நிறத் தண்ணீர் சுவரிலிருந்து ஒழுகி மாவறை வாசலில் தேங்கியது. கலைமதி காலையில் எழுந்ததும் முதலில் போய்ப் பார்ப்பது அந்தச் சுவரைத்தான். நிற்கிறதே என்று ஒரு மூச்சு விடுவாள்.

அன்று மத்தியானம் திருப்பதி சாப்பிட வந்திருந்தான். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் ராக்காயி மாவு வாங்க வந்து குரல் கொடுத்ததால் கலைமதி தூக்குவாளியோடு முன்னே போனாள். கரண்ட் ஏறி இறங்குவதைப் பார்த்து, "மோட்டாரு போயிரும், நான் நிறுத்துறேன்" என்று திருப்பதி சாப்பிட்ட கையோடு பின்னே போனான்.

டிப்பர் லாரியில் இருந்து ஜல்லியைக் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான். கிரைண்டர் சத்தம் நின்றுபோனது.

கலைமதி ஓடிப் பார்த்தபோது மாவறையைக் காணவில்லை. ஓடும் கல்லும் சேறுமாக ஒரு குவியல். மேலே வெறும் வானம். மழை நேராக வீட்டுக்குள் பெய்துகொண்டிருந்தது. திருப்பதி நிலைப்படிக்குக் கீழே கிடந்தான். தலையில் அடி இல்லை. வலது கை முழங்கைக்கு மேல்வரை கல்லுக்குள் இருந்தது. அவன் கத்தவில்லை, "கலை, கலை" என்று மட்டும் சொன்னான். அவளும் ராக்காயியும் தெருக்காரர்களும் ஒவ்வொரு கல்லாக எடுத்தார்கள். அவசரப்பட்டு இழுத்தால் மேலேயிருக்கும் மிச்சமும் விழுமே என்ற பயத்தில் மெதுவாகத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

இலுப்பூர் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுப் புதுக்கோட்டைக்கு அனுப்பினார்கள். அங்கே கைக்குள் தகடு வைத்துத் தைத்தார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை என்றார் டாக்டர். விரல்கள் முன்போல மடங்குமா என்று கலைமதி கேட்டதற்கு, "பாப்போம்மா, பஸ் ஓட்டுறத இப்ப நெனைக்காதீங்க" என்றார். திருப்பதி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

அவர்கள் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே பேரூராட்சியிலிருந்து பொறியாளர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். அவர்கள் வீடு திரும்பிய அன்றே கோபிநாத் வந்தார். முதலில் திருப்பதியின் கையைப் பற்றி விசாரித்தார். பிறகு உட்காராமலே ஒரு தாளை நீட்டினார்.

கலைமதி வாசித்தாள். பின்சுவரும் கூரையும் இழந்த தங்கள் வீடு 'வசிக்கத் தகுதியற்ற கட்டடம்' என்ற விளக்கத்துக்குள் வருவதால் உடனே காலி செய்ய வேண்டும். வீட்டுக்குப் பின்னால் ஓடும் கழிவுநீர் வாய்க்காலை அடைத்துக் கிடக்கும் இடிபாடுகளை உரிமையாளர் தம் சொந்தச் செலவில் அப்புறப்படுத்த வேண்டும்.

"எங்க வீட்டுக்கா நோட்டீஸு?" என்றாள். "விழுந்தது அவுங்க செவரு சார்."

"இடிபாடு எந்த எடத்துல கெடக்குதோ, அந்த எடத்துக்காரருதான் பொறுப்புன்னு விதியில இருக்குக்கா."

"ஆடியில இருந்து நடக்குறேன். ஒருத்தரும் ஒண்ணும் செய்யல. இதுக்கு மட்டும் எப்படி சார் இவ்வளவு வெரசா வந்தீங்க?"

கோபிநாத் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அந்த வீட்டுக்கு உரிமையாளர்னு ஒரு ஆளக் காட்ட முடியலக்கா. ஒங்க வீட்டுக்கு அண்ணன் பேர்ல பட்டா இருக்கு, வரி கட்டியிருக்கீங்க, ஆளும் இருக்காங்க. எல்லாம் சரியா இருக்கு. அதான்." கொஞ்சம் தயங்கி, "நான் வேணாம்னுதான் சொல்லிப் பாத்தேன். என் பேச்சு அங்க எடுபடல" என்றார்.

வலது கை தூக்குக்கட்டில் இருந்ததால் திருப்பதி இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டான்.

கிழக்குத் தெருவில் ஒரு வாடகைப் போர்ஷன் கிடைத்தது. தெருக்காரர்களில் சிலரும் தேவிப்ரியாவின் தோழிகளும் சாமான்களைத் தூக்கிக் கொடுத்தார்கள். பிரகதாம்பாளும் சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு வந்துவிட்டாள். கூடையை எடுத்து இடிபாட்டுக் கல்லைப் பொறுக்கிப் போட ஆரம்பித்தாள். கலைமதியும் சேர்ந்துகொண்டாள். பாதிக் கூடை நிறைவதற்குள் பிரகதாம்பாளின் போன் அடித்தது. பெரியண்ணன். அவர் குரல் வெளியே கேட்டது.

"அந்தக் கல்லு எல்லாருக்கும் பொதுச் சொத்து. கேஸு முடியிற வரைக்கும் ஒரு கல்லும் நகரக் கூடாது. எடுத்தா திருட்டுக் கேஸு போடுவேன்னு அவுங்ககிட்டச் சொல்லு."

தேவிப்ரியா போனைப் பிடுங்கினாள். "எங்க அப்பா கைய ஒடச்சதும் ஒங்க பொதுச் சொத்துதானா? அதையும் வந்து எடுத்துட்டுப் போங்க!" அவள் கத்தி முடிப்பதற்குள் மறுமுனையில் துண்டித்துவிட்டார்கள். பெண் அழுதுகொண்டே தெருவுக்குப் போய் நின்றாள்.

கலைமதி கூடையைப் பார்த்தாள். எடுக்காவிட்டால் பேரூராட்சி, எடுத்தால் போலீஸ். எடுத்த கற்களைத் திரும்ப அதே குவியலில் கொட்டுவதா, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வைப்பதா என்று தெரியவில்லை. கடைசியில் கூடையோடு அப்படியே வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள்.

கார்த்திகை வந்தது. கல் அங்கேயேதான் கிடந்தது. பேரூராட்சியிலிருந்து இரண்டாவது நோட்டீஸ் வந்தது. வழக்கு அடுத்த வருசத்துக்குத் தள்ளிப் போனது. வாடகை வீட்டுக்காரர் சத்தம் ஆகாது என்றதால் இடிபாட்டிலிருந்து மீட்டுப் பழுது பார்த்த கிரைண்டரைத் தெரிந்த ஒருவர் கடையின் பின்னால் வைத்து, காலையில் மட்டும் கலைமதி அரைத்தாள். திருப்பதி கஞ்சிக் கரண்டியை இடது கையால் பிடிக்கப் பழகிக்கொண்டிருந்தான். பஸ் முதலாளி வேறு டிரைவர் போட்டுவிட்டார் என்பதை யாரோ சொல்லி அவனுக்குத் தெரிந்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரகதாம்பாள் வந்தாள். கலைமதி பாய் விரித்துக் காப்பி கொடுத்தாள்.

"கோர்ட்டுல எதாச்சும் சொன்னாங்களாக்கா?"

"இல்ல. ஒனக்கு ஆபீசுல?"

"இல்ல."

காப்பி ஆறிக்கொண்டிருந்தது. வெளியே தூறல் விழத் தொடங்கியது. கொடியில் கிடந்த துணியை எடுக்க இருவரும் எழுந்தார்கள்.