நான் அலங்காரத்தை ஒழித்த விதம்

கட்டடக்கலை படிக்கப் போன மூன்றாவது வருடத்தில் எனக்கு ஒரு கொள்கை பிடித்துக்கொண்டது. என் வயதுப் பெண்களுக்குக் காதல் வந்தது. எனக்கு வெள்ளைச் சுவர் வந்தது. கட்டடத்தில் தேவையில்லாத ஒரு கோடுகூட இருக்கக் கூடாது, பூவும் வளைவும் வெறும் பாசாங்கு, சுவர் என்றால் சுவராக மட்டும் நிற்க வேண்டும் என்று மனதார நம்பினேன். நூறு வருடத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் யார் யாரோ போட்ட சண்டையை நான் தனி ஆளாக எங்கள் ஊர் உடப்புசல்லாவைக்கு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

அந்த நேரம் பார்த்து எங்கள் வீட்டில் முன்பக்கம் இழுத்துக் கட்டப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. தேயிலைத் தோட்டத்தின் நீண்ட வரிசைக் குடியிருப்பான லயத்தில் இருந்த அறையை விட்டு ஏழு பேர்ச் காணித் துண்டில் தனி வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. வரிசையில் இருபது வீடுகள், இருபதும் ஒரே அச்சு. ஒவ்வொரு குடும்பமாக முன்னால் ஓர் அறையும் விறாந்தையும் கட்டிக்கொண்டு வந்தார்கள். எங்கள் முறை வந்தபோது அப்பா நல்லமுத்து, "ஒங்கம்மாகிட்ட கேளு" என்று சொல்லிவிட்டு ஃபெக்டரி வேலைக்குப் போய்விட்டார்.

அம்மா காளியாயிக்கு எல்லாம் முடிவாகியிருந்தது. உருண்டைத் தூண் இரண்டு. ஜன்னலுக்கு மேலே வெளியே நீட்டிய, இதழ் இதழாக விளிம்பு வைத்த ஒரு தட்டு. வாசலுக்கு மேலே ஒரு தாமரை. பத்து வருடம் கொழும்பில் வேலை செய்துவிட்டு ஊருக்கே திரும்பிவிட்ட மேசன் அழகன், தன் ஃபோனில் ஒவ்வொன்றுக்கும் நாலு படம் காட்டினார். இருபத்து மூன்று வருடமாகக் கொழுந்து பறித்த விரலால் அம்மா திரையை மெதுவாகத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் குறுக்கே புகுந்தேன். தூணைக் காட்டி, "இது என்ன வேலை செய்யுது?" என்று கேட்டேன். கூரையைத் தாங்குகிறது என்றார் அழகன். அதற்கு இவ்வளவு பருமன் எதற்கு என்றேன். தாமரையைக் காட்டி அதே கேள்வியைக் கேட்டேன். தாமரை என்ன வேலை செய்கிறது என்று அம்மாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்கு வெற்றி. அதன் பிறகு அரை மணி நேரம் நான் பேசியது எதுவும் இப்போது நினைவில்லை. நினைவில்லாதது என் அதிர்ஷ்டம். 'நேர்மையான மேற்பரப்பு' என்று ஏதோ சொன்ன ஞாபகம் மட்டும் இருக்கிறது.

அம்மா ஃபோனை அழகனிடம் திருப்பிக் கொடுத்தாள். "படிச்ச புள்ள சொல்லுது. அது வரையிற மாதிரியே கட்டுங்க" என்றாள்.

அழகன் ஒன்றே ஒன்று கேட்டார். ஜன்னலுக்கு மேலே விழும் தண்ணீரை எந்தப் பக்கம் அனுப்புவது, சின்னதாக ஒரு விளிம்பாவது வேண்டாமா என்று. விளிம்பு வைத்தால் கோடு கெட்டுவிடும் என்றேன். தண்ணீரைப் பற்றி அவர் கேட்டார். கோட்டைப் பற்றி நான் பதில் சொன்னேன்.

ஆகஸ்டில் வேலை முடிந்தது. தட்டையான கொங்கிரீட் கூரை, நாலு மூலையும் கத்தி மாதிரி, முழுதும் வெள்ளை. நல்ல வெயிலாகப் பார்த்துப் படம் எடுத்தேன். எடுப்பதற்கு முன் துணி காயும் கயிறு, அப்பாவின் குடை, இரண்டு பூந்தொட்டி எல்லாவற்றையும் அப்புறப்படுத்தினேன். அம்மாவையும் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னேன்.

கம்பஸுக்குப் புறப்படுவதற்கு முதல் நாள் கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து படியில் உட்கார்ந்தாள். பக்கத்துச் சிங்களக் கிராமத்திலிருந்து வந்தவள். மிஸ் எத்தனை மணிக்கு வருவாங்க என்று சிங்களத்தில் கேட்டாள். குழந்தைகளுக்கு ஊசி போடும் கிளினிக் என்று நினைத்துவிட்டாள். அம்மா அவளுக்குத் தேத்தண்ணி கொடுத்து, வழி சொல்லி அனுப்பினாள். அடுத்த மாதம் ஒருவர் தபால் கந்தோர் என்று நினைத்துக் கடிதம் போட வந்தாராம். வீட்டுக்கு ஒரு பொதுக் கட்டடத்தின் கம்பீரம் வந்துவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

வகுப்பில் படங்களைக் காட்டியபோது நாங்கள் சேர் என்று கூப்பிடும் எங்கள் சிங்கள விரிவுரையாளர், துணிச்சலான வேலை என்றார். ஜனவரியில் மாணவர்களோடு நுவரெலியா வரும்போது நேரில் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். அன்று இரவு நான் சாப்பிடவே மறந்தேன்.

தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது ஒரு வாரமாக மழை விடவில்லை. முன் அறையில் நாலு வாளி வைத்திருந்தார்கள். ஜன்னல்களின் இரண்டு மூலையிலிருந்தும் கறுப்பாகத் தண்ணீர்க் கறை இறங்கியிருந்தது. அழுது மை கலைந்த முகம் மாதிரி இருந்தது வீடு. அடிச்சுவரில் பச்சையாகப் பாசி. அப்பா ஒரு வாளியை எடுத்துப் போய் வெளியே ஊற்றிவிட்டு வந்து, அதே இடத்தில் சரியாக வைத்தார். பெயின்ட் சரியில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு நான் பஸ் ஏறினேன்.

ஜனவரியில் சேர் மாணவர்களோடு வருவதற்கு முதல் நாள் வீட்டுக்குப் போனேன். பாதையில் இறங்கி நடந்தவள் எங்கள் வீட்டைத் தாண்டிப் போய், திரும்பி வந்தேன்.

கொங்கிரீட்டுக்கு மேலே சரிவாகத் தகரம் ஏறியிருந்தது. உருண்டைத் தூண் இரண்டு. அதில் கொடி சுற்றி ஏறி, ஊதா நிறத்தில் திராட்சைக் குலைகள் தொங்கின. ஜன்னலுக்கு மேலே இதழ் விளிம்பு வைத்த தட்டு. வாசலுக்கு மேலே ரோஸ் நிறத்தில் தாமரை. சுவர் இளம்பச்சை. வீடு காய்ந்திருக்கிறது என்பது என் கண்ணில் படவேயில்லை. சேருக்கு என்ன சொல்வது என்பதுதான் முதலில் வந்தது.

அம்மாவிடம் சத்தம் போட்டேன். ஒழுகுகிறதென்றால் தகரம் மட்டும் போட்டிருக்கலாமே, திராட்சை எதற்கு, இந்த மலையில் யார் வீட்டில் திராட்சை காய்க்கிறது என்று கேட்டேன். அம்மா கையில் பிசைந்த மாவோடு நின்று கேட்டாள். பிறகு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டே பேசினாள்.

"அப்ப லயந்தான் நல்ல கட்டடமா புள்ள? அங்க ஒரு பூவு இல்ல, ஒரு தூணு இல்ல. எல்லா காம்பராவும் ஒண்ணு போல. சின்னதுல நீயே ஸ்கூல் விட்டு வந்து ரெண்டு தடவ பக்கத்து வீட்டுக்குள்ள போயிருக்க."

மாவை உருட்டிக்கொண்டே தொடர்ந்தாள்.

"ஒனக்கு என்னா புடிக்கும்னு எங்கள யாரும் கேட்டதில்ல. அழகன் தம்பிதான் மொதமொதலா கேட்டுச்சு. நீ சொன்னேன்னு அப்ப பேசாம இருந்துட்டேன்."

அவ்வளவுதான் சொன்னாள். ரொட்டியைத் தட்டத் தொடங்கிவிட்டாள். அன்றைக்கு ரொட்டி எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. ஆனாலும் மூன்று சாப்பிட்டேன்.

மறுநாள் பதினேழு பேர் வந்து இறங்கினார்கள். படத்தில் பார்த்த வெள்ளைப் பெட்டியைத் தேடினார்கள். நான் விளக்கம் சொல்ல வாயெடுக்கும் முன்பே மழை கொட்டத் தொடங்கியது. எல்லோரும் விறாந்தைக்குள் ஓடி, இடம் போதாமல் சிலர் ஜன்னல் தட்டின் கீழ் சுவரோடு ஒட்டி நின்றார்கள். ஒருவர்கூட நனையவில்லை. தண்ணீர் தட்டின் ஒவ்வொரு இதழ் நுனியிலிருந்தும் தனித்தனியாகச் சொட்டி, சுவரைத் தொடாமல் தள்ளியே விழுந்தது. சேர் குனிந்து தட்டின் அடிப்பக்கத்தைப் பார்த்தார். விளிம்பை ஒட்டி உள்ளே ஒரு சின்னக் கீறல் ஓடியது. தண்ணீர் பின்னால் ஊர்ந்து சுவருக்குப் போகாமல் அங்கேயே விழச் செய்த ஏற்பாடு.

அலங்காரமும் வேலையும் ஒன்றாகிவிட்ட இடம் என்று எல்லோரையும் பார்க்கச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, இதை யோசித்தது யார் என்று கேட்டார்.

வந்தவர்கள் உட்காரக் கதிரை கொண்டுவந்து உதவிக்கொண்டிருந்த அழகன் எனக்கு மூன்றடி தூரத்தில் நின்றார்.

"நான்தான்" என்றேன்.

அழகன் கதிரையைக் கீழே வைத்துவிட்டு மழையைப் பார்த்தார். சேர் தூண் பக்கம் திரும்பி, அப்படியானால் இந்தத் திராட்சை என்று இழுத்தார். தேத்தண்ணித் தட்டோடு வந்த அம்மா, தனக்குத் தெரிந்த கடைவீதிச் சிங்களத்தில், அதுவும் மகள் வரைந்ததுதான் என்று மிகுந்த மரியாதையோடு அறிவித்தாள். என்னைக் காப்பாற்றுகிறாளாம். மாணவர்கள் பதினாறு பேரும் தேநீர்க் கோப்பைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார்கள்.

மழை விட்டு அவர்கள் பஸ்ஸுக்கு இறங்கியபோது சேரோடு நடந்து போய் உண்மையைச் சொன்னேன். விளிம்பும் கீறலும் அழகனுடையது, திராட்சை அம்மாவுடையது, வாளிகள் மட்டும் என்னுடையவை என்றேன். அவர் ஆச்சரியப்படவில்லை. தெரியும், உன் படங்களில் இதுவரை ஒரு தரம்கூட மழை பெய்ததில்லை என்றார்.

திரும்பி வந்தபோது அழகன் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன். அவருக்கும் கூச்சமாகிவிட்டது. "இருக்கட்டும் தங்கச்சி" என்றார். அந்தக் கீறலை எப்படிப் போடுவது என்று கேட்டேன். கொங்கிரீட் ஊற்றும் முன் பலகையில் ஒரு மெல்லிய கம்பியை வைத்து, இறுகியதும் உருவி எடுத்துவிட வேண்டுமாம். நான் படித்த மூன்று வருடத்தில் இதை யாராவது சொல்லியிருப்பார்கள். அன்று நான் வெள்ளைச் சுவரை நினைத்துக்கொண்டிருந்திருப்பேன்.

போன வாரம் அழகன் ஃபோனில் கோல் எடுத்தார். மேல் வரிசையில் பிரேமினி அக்கா வீட்டுக்கு முன்பக்கம் கட்டுகிறார்களாம். தண்ணீர் போகும் வழியெல்லாம் அவர் பார்த்துக்கொள்வாராம். வாசலுக்கு இரண்டு பக்கமும் மயில் வேண்டும், அதை மட்டும் நான் வரைந்து அனுப்பினால் போதும் என்றார். பெருமையோடு ஒத்துக்கொண்டேன். மூன்று நாளாக வரைகிறேன். நேர்கோடு மட்டுமே பழகிய கை. இதுவரை கோழிதான் வருகிறது.