வயிறு வலிக்காத வாரங்கள்

சிட்டுவுக்கு ஒன்பது வயது. இரண்டு மாதமாகக் காலையில் சீருடை மாட்டியதும் வயிறு வலித்தது. டாக்டர் அழுத்திப் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார், ஒன்றுமில்லை என்றார். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் அப்பா, இது சுத்த டிமிக்கி என்று முடிவுகட்டினார்.

கவுன்சலர் பார்க்க வேண்டுமாம் என்று பள்ளியிலிருந்து போன் வந்தபோது, எந்தக் கட்சி என்று கேட்டார். பிள்ளைகளின் மனநலம் பார்ப்பவர் என்று எழுத்தர் விளக்கியதும் அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. என் மகளுக்கென்ன பைத்தியமா என்று அன்று முழுக்க மனைவியிடம் பொருமினார். மூன்று மாதத்துக்கு முன் வயிற்றிலேயே குழந்தை இறந்துபோனதிலிருந்து அவள் அதிகம் பேசுவதில்லை. சமைப்பாள், துவைப்பாள், பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

ஆலோசகரின் அறை என்பது நூலகத்தில் பிளைவுட் வைத்துத் தடுத்த ஒரு மூலை. மூவரும் போனபோது நாற்காலி மூன்றுதான் இருந்தது. நாலாவதை வகுப்பிலிருந்து இழுத்து வந்தார்கள். அவர் வருகைப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, அப்பாவின் ஷிஃப்ட் எப்படி மாறும் என்று விசாரித்தார். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. சிட்டு லீவு போட்டதெல்லாம் பகல் ஷிஃப்ட் வாரங்களில். அப்பா பகலில் வீட்டில் தூங்கிய வாரங்களில் ஒருநாள்கூட இல்லை.

"அப்பா வீட்ல இருந்தா வயிறு வலிக்காதா கண்ணு?"

சிட்டு ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா இருந்தா அவர் அம்மாவைப் பாத்துக்குவாரு."

"இல்லன்னா?"

"நான்தான் பாத்துக்கணும். எங்கயாவது போயிடலாம் போல இருக்குன்னு அம்மா சித்திகிட்ட போன்ல சொன்னாங்க."

அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுதாள். அழுது முடியும்வரை ஆலோசகர் காத்திருந்தார்.

பிறகு சிட்டுவைப் புத்தகம் பார்க்க அனுப்பிவிட்டு, சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என அம்மாவிடம் நேரடியாகவே கேட்டார். இல்லை, காணாமல் போகவேண்டும் போல மட்டும் இருக்கிறது என்றாள் அம்மா. அதற்கும் வைத்தியம் உண்டு என்று சொல்லி, ஆஸ்பத்திரி மனநல மருத்துவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். வலி பொய்யில்லை, ஒன்பது வயசுப் பிள்ளை காவல் காத்துக்கொண்டிருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னார்.

அந்த வாரமே மருத்துவரைப் பார்த்தார்கள். பகல் ஷிஃப்ட் வாரங்களில் சித்தி வந்து தங்கினாள். அம்மா மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, தன் மனசில் இருப்பதை டாக்டரிடமும் சித்தியிடமும் சொல்லிவிட்டதாகச் சொன்னாள்.

"என்னைப் பாத்துக்கப் பெரியவங்க இருக்கோம். நீ கணக்குல பாஸாகப் பாரு."

"அழுகை வந்தா?"

"அழுவேன். அழுதுட்டு சித்தியைக் கூப்பிடுவேன்."

சிட்டு முழுசாக நம்பவில்லை. அடுத்த மாதமும் மூன்று நாள் வயிறு வலித்தது. மதியச் சாப்பாட்டு வேளையில் பள்ளி அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு ஒரு போன் பேசிக்கொள்ளட்டும் என்று ஆலோசகர் ஏற்பாடு செய்தார். தினமும் பேசினாள். சாப்பிட்டியா, சித்தி இருக்காங்களா, அவ்வளவுதான்.

ஆறாவது வாரம் ஒருநாள் போன் வரவில்லை. கால்மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அம்மாவே கூப்பிட்டாள். எழுத்தர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.

"விளையாடிட்டிருக்கா. கூப்பிடட்டுமா?"

"வேணாம், விளையாடட்டும்" என்று அம்மா போனை வைத்தாள்.