வழி கீறும் பெட்டி

மஃறூப் நானா இரண்டு கருவிகளையும் கண்ணாடி மேசைமேல் எடுத்து வைத்தார்.

"ரெண்டையும் கொண்டு போங்க மாயாண்டி. ஜீப்புல வச்சு ஓட்டிப் பாருங்க. புடிச்சத வச்சிக்கிட்டு மத்தத திருப்பித் தாங்க. சல்லியப் பத்தி பொறகு பேசுவோம்."

மாயாண்டிக்கு அந்த இடத்திலேயே சந்தேகம் தட்டியது. நுவரெலியா டவுனில் மஃறூப் நானாவின் கடையை அறியாதவர் இல்லை. டோர்ச் வாங்கப் போனால்கூட பெட்டரியைத் தன் கையாலேயே போட்டு, ஒரு தடவை எரியவிட்டு, உடனே கழற்றிக்கொள்கிற மனிதர் அவர். அப்பேர்ப்பட்டவர் இரண்டு ஜி.பி.எஸ். கருவிகளை இரவல் கொடுக்கிறார்.

"எங்க போய்ப் பாக்குறது நானா?" என்று கேட்டு வைத்தான்.

"வேற எங்க? ஒங்கட வழமையான வழியிலேயே போங்க. மருமகன் ஃபாஸிலும் கூட வருவார். பட்டன் எல்லாம் அவருக்குத்தான் தெரியும்."

வழமையான வழி. அந்தச் சொல் மாயாண்டியின் காதிலேயே தங்கிவிட்டது.

அவனுடைய பிழைப்பே அந்த வழிதான். பட்டிப்பொலவுக்குக் கீழே இருக்கும் தேயிலைத் தோட்டத்தில் பல வருஷம் லொறி ஓட்டியவன் அவன். தோட்டத்தின் மேல் பகுதியான மேல் டிவிஷனை மூடியபோது லொறிக்கும் வேலை போயிற்று, டிரைவருக்கும் போயிற்று. கம்பெனி கழித்துப் போட்ட பழைய லேண்ட்ரோவர் ஒன்றை வாங்கித் தட்டிக்கொட்டி ஓட வைத்தான். சமாதான ஒப்பந்தம் வந்து வெள்ளைக்காரர்கள் மறுபடி மலைக்கு வரத் தொடங்கிய காலம் அது. மற்ற ஜீப்காரர்கள் எல்லோரும் ஹோர்ட்டன் சமவெளிக்கு வரிசையாக ஏறினார்கள். மாயாண்டி மட்டும் காடேறிப்போன மேல் டிவிஷன் வழியாக, தேயிலை மரமாக வளர்ந்து நிற்கும் சரிவுகளைத் தாண்டி, ஒத்தப்பாறை என்ற புல்மேட்டுக்கு ஆட்களைக் கூட்டிப் போனான். அங்கிருந்து பார்த்தால் தெற்குப் பக்கம் முழுவதும் கீழே கிடக்கும். அந்தப் பாதையில் ஜீப் ஏறும் என்பது வேறு எவனுக்கும் தெரியாது. யாராவது பின்னால் வருவதாகத் தோன்றினால் ஓரங்கட்டி நிறுத்தி, பொனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, அவர்கள் கடந்து போகும்வரை எஞ்சினுக்குள் தலையை விட்டபடி நிற்பான்.

போன ஒக்டோபரில்தான் அந்தப் பெருமைக்கு அடி விழுந்தது. ஒல்லாந்துக்காரப் புருஷன் பெண்சாதியை மேலே கூட்டிப் போனவன், பனி மூடியதில் வழி தப்பி, இருட்டிய பிறகுதான் இறங்கி வந்தான். அந்த அம்மா அழுதுவிட்டாள். அவனுக்கு ஆட்களை அனுப்புகிற கெஸ்ட் ஹவுஸை நடத்தும் ரோகினி மிஸ் யாழ்ப்பாணத்துக்காரி, அதிகம் பேசமாட்டாள். அன்றைக்கு மட்டும் அவனைத் தனியே கூப்பிட்டாள்.

"மாயாண்டி, நான் குறை சொல்லேல்ல. ஆனா வாற சீசனுக்குள்ள அந்த ஜி.பி.எஸ். எண்ட சாமான் ஒண்டு வாங்கிப்போடுங்கோ. இல்லாட்டி சனத்த வேற ஆளோடதான் அனுப்ப வேண்டி வரும்."

அதனால்தான் அவன் கடை ஏறியது. இருப்பதில் மலிவானது ஒன்று போதும் என்றுதான் போனான்.

வீட்டில் பெண்சாதி சண்முகவடிவு கொழுந்துக்கூடையை இறக்கி வைத்தபடியே விஷயத்தைக் கேட்டாள்.

"சும்மாதானே குடுக்குறாரு. பாத்துட்டு வாங்குறது நல்லதுதானே?"

"நீ அவரு சொன்னத சரியா கேக்கல. வழமையான வழியில போங்கன்னாரு. மருமகன வேற கூட அனுப்புறாரு. எதுக்கு?"

"பட்டன் அமுக்கத்தான்."

"பட்டன் அமுக்க ஒரு நாள் பூரா கடைய விட்டுட்டு வருவானா?"

"அந்தப் பாதை என்னா ஒங்கப்பன் வெட்டுன பாதையா? யாரு வந்தா ஒங்களுக்கு என்னா?" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். பெண்களுக்குத் தொழில் ரகசியம் புரியாது என்று மாயாண்டி நினைத்துக்கொண்டான்.

சொன்னபடி ஃபாஸில் காலையிலேயே பட்டிப்பொல ஸ்டேஷனடியில் வந்து நின்றான். மெலிந்த பையன், மழைக்கோட்டு, டவுன் சப்பாத்து. பெரிய கருவியை முன்கண்ணாடிக்குக் கீழே ஒட்டினான். லேண்ட்ரோவரில் அதற்கு ஏற்ற துளை இல்லாததால் வண்டிப் பெட்டரியிலிருந்து நேராக வயர் இழுக்க வேண்டியிருந்தது. கலர் திரை, உள்ளே இலங்கைப் படம், பார்க்க அம்சமாக இருந்தது. சின்னது சவர்க்காரக் கட்டி அளவு, சாம்பல் நிறம். படம் கிடையாது. கறுப்பு வெள்ளையில் ஒரு அம்பும் சில இலக்கங்களும் மட்டும். தோட்டத்துக் கடையில் விற்கிற சின்ன பெட்டரி இரண்டு போட்டால் ஓடும். விலையும் பெரியதில் பாதிக்கும் கீழே.

தார் ரோட்டில் பெரியது பிரமாதமாக வேலை செய்தது. தோட்டத்து ரோட்டுக்குள் திரும்பியதும் அதன் அம்பு வெறும் பச்சை வெளியில் தனியாக நின்றது. சுற்றிலும் ஒரு கோடுகூட இல்லை.

"இதுல பெரிய ரோட்டு மட்டுந்தான் ஈக்குது அண்ணன்," என்றான் ஃபாஸில்.

மாயாண்டி சின்னதை எட்டிப் பார்த்தான். அம்புக்குப் பின்னால் நத்தை ஊர்ந்த தடம்போல மெல்லிய புள்ளிக்கோடு ஒன்று வந்துகொண்டிருந்தது.

"அது என்னா தம்பி கோடு?"

"நாங்க வந்த வழி. தானா கீறிக்கிட்டு வரும்."

"பொறகு?"

"அழிக்கிற வரைக்கும் உள்ளுக்கே ஈக்கும். நாளைக்கு வேற ஆள் கொண்டு போனாலும் அந்தக் கோட்டப் புடிச்சே வரலாம்."

அப்படியென்றால் நானா இரவல் கொடுத்தது கருவியை அல்ல. ஒத்தப்பாறைக்குப் போய் வந்து பெட்டியைத் திருப்பிக் கொடுத்தால், பாதையையே பொட்டலம் கட்டிக் கொடுத்தது மாதிரி. ஃபாஸில் சாதாரணமாகத்தான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தச் சாதாரணம்தான் மாயாண்டிக்குப் பிடிக்கவில்லை.

பறித்த கொழுந்தை நிறுத்து வாங்கிய பழைய மடுவம் இருந்த இடத்தில் பாதை இரண்டாகப் பிரியும். ஒத்தப்பாறைக்கு இடது பக்கம் ஏற வேண்டும். மாயாண்டி வலது பக்கம் திருப்பினான். அது தோட்டம் முன்பு விறகு இறக்கிய பாதை. லொறி ஓட்டிய காலத்தில் ஒரே ஒரு தடவை போயிருக்கிறான். கொஞ்ச தூரம் போய், இதுதான் என் வழி என்று காட்டி, திரும்பி வந்துவிடலாம் என்பது அவன் கணக்கு.

"இதுதான் வழமையா போறதா அண்ணன்?"

"ஆமா. வேற ஏது?"

ஃபாஸில் அவனை ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு ஒன்றும் சொல்லாமல் சின்னக் கருவியை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டான்.

மரம் அடர்ந்ததும் பெரிய கருவி வானம் தெரியவில்லை என்று அறிவித்துவிட்டு முழித்தது. மழை தூறத் தொடங்கியது. வண்டி திருப்ப இடம் கிடைக்கும் என்று பார்த்துப் பார்த்து மாயாண்டி நினைத்ததைவிட வெகுதூரம் போய்விட்டான். பாதை நடுவிலேயே செடி முளைத்திருந்தது. பாதைக்கு அடியில் தண்ணீர் போகிற உடைந்த போக்கு ஒன்றைத் தாண்டும்போது பின் சக்கரம் வழுக்கி ஓரத்துத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கியது. எஞ்சின் நின்றது. பெரிய கருவியும் அதோடு அணைந்தது. வயர் எங்கோ கழன்றதோ என்னவோ, அன்றைக்கு எவ்வளவு அமுக்கியும் அது உயிர் பெறவில்லை.

கல் அடுக்கி, கிளை வெட்டிப் போட்டு, இரண்டு பேரும் முட்டிவரை சேறாகி, ஒருவழியாக வண்டியை வெளியே எடுத்தபோது பனி இறங்கிவிட்டது. பொனட்டுக்கு முன்னால் ஒன்றும் தெரியவில்லை. ஃபாஸிலின் டவுன் சப்பாத்துக்குள் அட்டை ஏறியிருந்தது. அவன் அதைப் பிடுங்கி எறிந்தானே தவிர ஒரு வார்த்தை முறைப்பாடு சொல்லவில்லை. அதுவும் மாயாண்டிக்கு உறுத்தியது. எதற்காக இவ்வளவு பொறுமை?

அங்கேயே முன்னும் பின்னுமாக எடுத்து வண்டியைத் திருப்பிக்கொண்டு புறப்பட்டார்கள். கொஞ்சம் போனதும் பாதை இரண்டாகப் பிரிகிற ஒரு கவர் வந்தது. வரும்போது இப்படி ஒரு கவரைப் பார்த்த ஞாபகம் மாயாண்டிக்கு இல்லை. அகலமாகத் தெரிந்த பக்கம் விட்டான்.

"அண்ணன், இது வந்த வழி இல்ல. கோடு மத்தப் பக்கம் போகுது."

"எனக்குத் தெரியும் தம்பி. நான் ஓட்டுன ரோட்டு."

"கோடு..."

"பொட்டி சொல்றத நான் கேக்கணுமா?"

சொல்லிவிட்டானே தவிர, அவனுக்கும் நிச்சயமில்லை. இந்தப் பையன் வேண்டுமென்றே வேறு பக்கம் திருப்பப் பார்க்கிறானா? மேல் டிவிஷன் பக்கமா? ஜீப்பை நிறுத்தி, "இருங்க, பாத்துட்டு வாறேன்" என்று இறங்கி நடந்தான். ஒரு வளைவு தாண்டியதும் கால் வைத்த இடம் மெத்தென்று அமுங்கியது. சட்டென்று பின்வாங்கி, பக்கத்துச் செடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். காற்று கொஞ்சம் பனியை விலக்கியது. பாதை அதற்கு மேல் இல்லை. மண் சரிந்து போய், வேர்கள் அந்தரத்தில் தொங்கின. அடியில் எங்கேயோ தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

திரும்பி வந்து வண்டியில் ஏறினான்.

"ரோட்டு இல்ல," என்றான். பிறகு, "நீங்க புடிச்சுக்கிட்டுச் சொல்லுங்க தம்பி. சொல்ற பக்கம் விடுறேன்," என்றான்.

பின்புறமாகவே அந்தக் கவர் வரைக்கும் வந்தார்கள். ஃபாஸில் மழையில் கையை நீட்டியபடி சொல்லிக்கொண்டே வந்தான். வண்டி நின்றால் அம்பு குழம்பியது. நகர்ந்தால்தான் திசை காட்டியது. அதனால் நத்தை வேகத்திலாவது நிறுத்தாமல் ஓட்ட வேண்டியிருந்தது. மரம் மிக அடர்ந்த ஓரிடத்தில் கோடு அறுந்து, தள்ளிப் போய்த்தான் மறுபடி தொடங்கியது. அங்கே ஃபாஸில் இறங்கி முன்னால் நடந்து, தரையைப் பார்த்துப் பார்த்துக் கையைக் காட்டினான். அவன் போகச் சொன்ன பக்கமெல்லாம் மாயாண்டி விட்டான். மனம் மட்டும் ஒவ்வொரு திருப்பத்திலும் வேண்டாம் வேண்டாம் என்றது.

கடைசியில் கொழுந்து மடுவத்தின் உடைந்த சுவர் தெரிந்தது. மாயாண்டி எஞ்சினை அணைத்தான்.

"தம்பி, மறைக்காம சொல்லுங்க. மாமா எதுக்கு ஒங்கள அனுப்புனாரு?"

ஃபாஸில் நனைந்த சட்டைக் கையைப் பிழிந்தான்.

"நீங்க வழமையான வழியில போகல்ல எண்டு இந்த இடத்திலேயே தெரியும் அண்ணன். ஒங்கட டயர் தடம் எல்லாம் இடது பக்கந்தான் ஏறிப் போயிருந்திச்சு."

"அப்ப ஏன் பேசாம வந்தீங்க?"

"பேசியிருந்தா வழியத் தேடி வந்தவன் எண்டு நெனச்சிருப்பீங்க."

"வழியத் தேடி வந்தவரு இல்லையா நீங்க?"

ஃபாஸில் கருவியைத் துடைத்து மடியில் வைத்தான். மழை கூரைத் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"மாமா ஒரு ஜீப்புக்கு பேசி வச்சீக்கிறார். என்னய ஒங்கட வழியில ஓட்டச் சொல்றார். எனக்கு கடையில இருக்கத்தான் விருப்பம். மலையும் அட்டையும் எனக்கு சரி வராது. மாட்டேன் எண்டு சொல்லவும் ஏலாது, அவர்ட வீட்டுலதான் இருக்கிறேன்."

தான் சந்தேகப்பட்டது சரிதான் என்று தெரிந்தபோது மாயாண்டிக்கு வந்திருக்க வேண்டிய கோபம் வரவில்லை. குளிரில் உதடு நீலம் பாய்ந்து உட்கார்ந்திருக்கிற இந்தப் பையனிடம் எதைக் கோபிப்பது? அதேசமயம், இவன் சொல்வது உண்மையா, இல்லை இதுவும் ஒரு வழியா என்ற எண்ணமும் உள்ளே புழுப்போல நெளிந்தது.

"இந்தக் கோட்ட எப்படி அழிக்கிறது?"

ஃபாஸில் கருவியை அவன் கையில் கொடுத்து, எந்தப் பட்டன், அதற்குப் பிறகு எது என்று காட்டினான். கடைசிப் பட்டனை மாயாண்டியே அமுக்கினான். திரை வெறுமையானது.

மறுநாள் கடையில் மஃறூப் நானா சின்னதை எடுத்து, மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்தார்.

"உள்ளுக்கு ஒண்டுமே ஈக்கல்லையே?"

"எதுவும் இருக்கணுமா நானா?" என்றான் மாயாண்டி.

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னால் அலுமாரி துடைத்துக்கொண்டிருந்த ஃபாஸில் திரும்பவே இல்லை. மஃறூப் நானா தொண்டையைச் செருமி, பெரியதுதான் நல்ல சாமான், படம் எல்லாம் வரும் என்று சொல்லத் தொடங்கினார். வண்டி நின்றால் நின்றுவிடும் சாமான் தனக்கு வேண்டாம், சொந்தப் பெட்டரியில் ஓடுகிற சின்னதே போதும் என்றான் மாயாண்டி. விலையில் ஒரு வார்த்தைகூட இறங்கிப் பேசாமல் எடுத்துக்கொண்டு வந்தான்.

அன்று சண்முகவடிவிடம் நடந்ததைச் சொன்னான். நானாவின் திட்டத்தை விரிவாகச் சொன்னான். மண் சரிந்த இடத்தைப் போகிற போக்கில்தான் சொன்னான். அவள் அந்த ஒன்றைத்தான் கேட்டாள்.

"அதுல நீங்க விழுந்திருந்தா நான் எங்கன்னு வந்து தேடுறது?"

"அதான் விழலியே."

"எங்கிட்டயும் சொன்னதில்ல, யாருகிட்டயும் சொன்னதில்ல. தோட்டமே சேந்து தேடியிருந்தாலும் கெடைச்சிருப்பீங்களா?"

அவள் குரல் உயரவில்லை. அதனால்தான் அவனால் எழுந்து வெளியே போக முடியவில்லை. நானாவிடமிருந்தும் மற்ற ஜீப்காரர்களிடமிருந்தும் மறைத்து மறைத்து, தேடி வரக்கூடிய ஒரே ஆளிடமிருந்தும் மறைத்துவிட்டது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்து பறிக்கும் வேலை இல்லை. சண்முகவடிவு நல்ல சேலை கட்டிக்கொண்டு முன் சீட்டில் ஏறினாள். அவன் கருவியை அவள் கையில் கொடுத்து, ஜன்னலுக்கு வெளியே பிடிக்கச் சொன்னான்.

"இது கீறுற கோட்ட அழிக்காம வச்சிரு. வழிய நீயும் பாத்து வச்சிக்க. வேற யாருகிட்டயும் காட்டாத."

"சரி, ஓட்டுங்க."

கொழுந்து மடுவத்தைத் தாண்டி ஜீப் இடது பக்கம் ஏறத் தொடங்கியது. அவள் கையிலிருந்த திரையைக் குனிந்து பார்த்து, கோடு வருது, வருது என்று சொல்லிக்கொண்டே வந்தாள். மாயாண்டி சரி சரி என்றான். அவன் கண் பக்கக் கண்ணாடியிலேயே இருந்தது. பின்னால் யாரும் வரவில்லை. இருந்தாலும் அடுத்த வளைவில் வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்தி, கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டான்.

"என்னாங்க, ஏன் நிப்பாட்டிட்டீங்க?"

"ஒண்ணுமில்ல," என்றான் மாயாண்டி. மறுபடி ஸ்டார்ட் செய்தான்.