ஓட்டை இல்லாத பொத்தான்

எங்கள் வீட்டில் மூன்று பேர் நிம்மதியாகத் தூங்க ஆகும் விலை, நாளுக்கு ஒரு வெள்ளை மாத்திரை. பேரம் பேசாமல் நான் வாங்கும் சரக்கு அது ஒன்றுதான்.

மாத்திரை என் மகனுக்கு. வயது முப்பத்தொன்று. ஆளில்லாத பக்கத்திலிருந்து அவனுக்குக் குரல் கேட்கும். மனச்சிதைவு என்றார் டாக்டர். ஒருமுறை மாத்திரையை நிறுத்தினான். நான்கு நாள் ஆளையே காணோம். அதிலிருந்து தினமும் கடை திறந்ததும் மாத்திரையைக் கொடுத்து, நாக்கைத் தூக்கச் சொல்லி, சந்தை மாட்டைப் பல் பிடித்துப் பார்ப்பதுபோல் பார்ப்பேன்.

கடை, பொத்தான் கடை. அன்று தையல்காரர் வந்தார்.

"அண்ணே, ஒரு டஜன் சட்டை பட்டன் வாங்கிட்டுப் போனேன். பதினொண்ணுல நாலு ஓட்டை. இதுல ஓட்டையே இல்ல."

"புது மாடல். ஓட்டையை நீங்களே போட்டுக்கலாம்" என்றபடி வாங்கிப் பார்த்தேன். நடுவில் ஒரு கோடு. எனக்குத் தெரிந்த கோடு; தினமும் காலையில் நான் மகனுக்குக் கொடுக்கும் மாத்திரையின் கோடு.

கேட்காமலே நாலு பொத்தான் கொசுறு கொடுத்தேன். மனிதர் பயந்தே போய்விட்டார்.

வெள்ளைப் பொத்தான் பெட்டியைக் கவிழ்த்தேன். பொத்தான்களோடு மாத்திரைகளும் உருண்டன.

"எத்தனை நாளாடா?" என்று பக்கத்தில் நின்ற மகனைக் கேட்டேன்.

"பதினேழு" என்றான். "பதினாறு இங்க இருக்கு. ஒண்ணு உங்க கையில."

கல்லாவிலிருந்த என் மனைவி சொன்னாள்: "உங்க புள்ளைதானே. கண்ணு முன்னாடியே மாத்திரையைக் கையில ஒளிச்சுட்டு வெறும் வாயைக் காட்டி, சரக்கை மாத்தியிருக்கான்."

"குரல் வந்துருச்சா?" என்றேன் மகனிடம்.

"லேசா. அடுத்த தெரு ரேடியோ மாதிரி."

"என்ன சொல்லுது?"

"நீங்க விலையைக் கூட்டிச் சொல்றீங்கன்னு."

"அது ஊருக்கே தெரியும். ஏன்டா நிறுத்துனே?"

"காலைல போட்டா மதியம் வரைக்கும் கண்ணு சொக்குது, கை நடுங்குது. பட்டனை அட்டையில கோக்க முடியல. முழுங்குனியான்னு கேட்டீங்களே தவிர, எப்படி இருக்குன்னு கேக்கலயேப்பா."

பதினேழு மாத்திரைகளையும் ஒரு கவரில் போட்டேன்.

"சரி, இப்பவே டாக்டர்கிட்ட போவோம். நான் பேசி..."

"நான் பேசுறேன். நீங்க வெளிய உக்காருங்க. இனிமே வாயைத் திறக்கச் சொல்லக் கூடாது."

"அவன் சொல்ற விலைக்கே முடிச்சிருங்க" என்றாள் மனைவி.

சரக்கைப் பார்க்காமல் வாங்குகிறவன் வியாபாரியே இல்லை என்பார் என் அப்பா. அவர் மகனான நான் அன்று என் மகனின் சொல்லை அப்படித்தான் வாங்கினேன்.

அரை மணி நேரம் வெளியே உட்கார்ந்திருந்தேன். அளவைக் குறைத்து, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்லியிருந்தார் டாக்டர். வாரம் ஒருமுறை வந்து காட்டவும் வேண்டும். பழைய பதினேழையும் அவரே வாங்கி வைத்துக்கொண்டார்.

அன்றிரவு மாத்திரையும் தண்ணீருமாக அவன் அறைக்குள் போனான். நாக்கைத் தூக்கச் சொல்லாமல் இந்தமுறை அடங்கியிருந்தது என் நாக்குதான்.

காலையில் கடைக்கு வந்தவனிடம், "எப்படிடா இருக்கு?" என்றேன்.

"பரவாயில்ல. ரேடியோ இன்னும் ஓடுது." பில் புத்தகத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதி என் பக்கம் தள்ளினான்:

போடாதது பதினேழு. போட்டது ஒன்று. வாய் சோதனை இல்லை. எப்படி இருக்கு என்று அப்பா கேட்டது ஒன்று. பாக்கி நிறைய.