பக்கத்துக் காட்டு ஹெலிகாப்டர்

ஆசைக்காக ஒருவன் காசைக் கரியாக்குவான் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். ஏதோ ஒன்று உள்ளே இருக்கும், தோண்டினால் வரும். எண்பத்தாறாம் வருடம் ஆனி மாதம், எங்கள் கோழிப்பண்ணைக்குப் பக்கத்துக் கடலைக் காட்டில் ஓர் ஆள் கையில் பெட்டியை வைத்துக்கொண்டு பொம்மை ஹெலிகாப்டர் ஓட்டுகிறான் என்று கேள்விப்பட்டதுமே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. ஊரில் எல்லாரும் வேடிக்கை பார்க்க ஓடினார்கள். நான் மட்டும், இவனை இங்கே அனுப்பியது யார் என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. அந்தக் காடு என் வீட்டுக்காரரின் அண்ணன் செங்கோட்டையனுடையது. எங்கள் பண்ணை நாமக்கல்லில் இருந்து ராசிபுரம் போகிற ரோட்டை ஒட்டியது. அவருடைய காடு அதற்கு உள்ளே கிடக்கிறது. எங்கள் இடமும் சேர்ந்துவிட்டால் லாரிப் பட்டறை போடலாம் என்று அவருக்கு நெடுநாளாக ஒரு கண். நேராகவே என்னிடம் கேட்டார். முடியாதுங்க என்று நேராகவே சொன்னேன். அதோடு விட்டுவிடுகிற ஆளா அவர்? ஹெலிகாப்டர்காரன் அவர் காட்டைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறான் என்றால், அவர் ஏவிவிட்டவன் என்றுதானே அர்த்தம்!

அந்தப் பண்ணை என் உயிர். முட்டையிலிருந்து வந்த ஈரம் காய்வதற்குள் குஞ்சுகளை வாங்கி, பல்பு வெளிச்சத்தில் சூடு காட்டி, சீக்கு வந்தால் சோறு இறங்காமல் கிடந்து வளர்த்த கோழிகள். என் வீட்டுக்காரர் சுப்பையனுக்கு அதில் ஒரே வேலைதான். விடியக்காலை நாலு மணிக்குப் பண்ணைக்குப் போய் விளக்குப் போட வேண்டும். முட்டைக்கோழிக்குச் சூரிய வெளிச்சம் மட்டும் பத்தாது, விடிவதற்கு முன்பே பல்பு எரிந்தால்தான் ஒழுங்காக முட்டையிடும். நான் ஊருக்குள் இருக்கும் வீட்டில் சோறாக்கி வைத்துவிட்டு, நன்றாக வெயில் வந்தபிறகு போய்த் தீவனம் போட்டு முட்டை பொறுக்குவேன்.

ஹெலிகாப்டர் வந்த கொஞ்ச நாளிலேயே முட்டை குறைய ஆரம்பித்தது. முதலில் ஏதோ நாலு தட்டு குறைந்தது. பிறகு பாதியாகிவிட்டது. கோழிகள் இறகை உதிர்த்துக்கொண்டு, ஏதோ இழவு வீட்டில் உட்கார்ந்திருப்பவை மாதிரி உட்கார்ந்திருந்தன. கால்நடை டாக்டர் வந்து பார்த்தார். சீக்கு ஒன்றும் இல்லை என்றார். "வெளிச்சம் சரியாக் குடுக்கறீங்களா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் எங்க ஊட்டுக்காரரு நாலு மணிக்கே போட்டுருவாருங்க. மழையோ பனியோ ஒருநா தவறுனதில்லீங்க" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

"அப்பறம் என்ன, அந்த மிசினு சத்தந்தான்" என்றார் என் வீட்டுக்காரர். "பருந்துன்னு நெனச்சு மிரளுதுக. இனி இதுகளுக்குத் தீவனம் போட்டு என்ன பிரயோசனம்? கறிக்குக் குடுத்துரலாம் சௌந்திரம். ஏவாரிகிட்டச் சொல்லி வெக்கட்டுமா?"

ஆடி இரண்டாம் வெள்ளிக்குள் முட்டை ஏறவில்லை என்றால் கொடுத்துவிடுவது என்று அவரே முடிவு சொன்னார். எனக்கு அழுகை ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். அழுதுகொண்டு உட்கார நான் ஆள் இல்லை. நேரே பக்கத்துக் காட்டுக்குப் போனேன்.

ஹெலிகாப்டர் ஓட்டுகிறவர் பெயர் கைலாசம். ராசிபுரத்தில் தறிக்காரர் குடும்பம். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு வந்தவராம். ஒல்லியான ஆள், கண்ணாடி போட்டிருந்தார். மிசின் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து துடைத்துக்கொண்டிருந்தார். ஆமணக்கெண்ணெய் எரிந்த வாசம் வந்தது. எரிபொருளில் அதையும் கலக்க வேண்டுமாம்.

"ஏனுங்க தம்பி, உங்களுக்கு எத்தனை குடுக்கறாரு எங்க பெரியவரு?" என்றேன்.

அவர் விழித்தார். "எதுக்குங்கக்கா?"

"எங்கோழியைக் கொல்லறதுக்கு!"

"அய்யய்யோ! நாந்தாங்கக்கா அவருக்குக் குத்தகை குடுக்கறேன். இது சும்மா ஆசைக்குங்க."

ஆசையாம்! நான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரித்தேன். கோழி இந்தச் சத்தத்துக்கு மிரளாது, வேண்டுமானால் பண்ணைப் பக்கமாக ஓட்டிக் காட்டுகிறேன், நீங்களே பாருங்கள் என்றார். நான் அவ்வளவு லேசில் ஏமாறுகிறவளா? அவர் ஓட்டினால் சத்தத்தைக் குறைத்து வைத்து ஓட்டுவார். தள்ளி நிறுத்துவார். ஆயிரம் தில்லுமுல்லு பண்ணலாம்.

"நீங்க ஓட்டி நாம் பாக்கறதா? நடக்காதுங்க. எனக்குப் பழக்கி உடுங்க. நானே ஓட்டிப் பாக்கோணும்."

"மாசக்கணக்காகுங்கக்கா."

"ஆகட்டுமே. உங்க மடியில கனமில்லீன்னா உங்களுக்கு என்னங்க பயம்?"

மறுநாள் காலையில் இருந்து போக ஆரம்பித்தேன். ஊர் வாய்க்குப் பயந்து பண்ணையில் வேலை செய்யும் ராமாயியையும் கூட்டிக்கொண்டு போவேன். அவள் வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போடுவாள். மிசின் கீழே விழுந்தாலும் சாயாமல் இருக்க, அதன் காலில் இரண்டு மூங்கில் குச்சிகளைப் பெருக்கல் குறி மாதிரி கட்டி, நுனியில் ரப்பர் பந்து செருகியிருந்தார். அதைப் பார்த்ததும், இது எதற்கு, இதில் என்ன ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு பந்தைப் பிடுங்கிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பேசாமல் திரும்பச் செருகிக் கொடுத்தேன்.

பெட்டியில் இரண்டு பக்கமும் இரண்டு குச்சி. இடது கை மேலே தள்ளினால் எழும்பும். வலது கை சாய்த்த பக்கம் மிசின் சாயும். கேட்க எளிது. முதல் நாள் நான் தள்ளிய தள்ளில் அது வெறி பிடித்த கன்றுக்குட்டி மாதிரி புழுதியில் சுற்றிச் சுற்றி வந்தது. ராமாயி வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து ஓடினாள்.

"தூக்காதீங்கக்கா. தரையிலயே லேசா நழுவ உடுங்க. இந்த வாரம் அவ்வளவுதான்" என்றார் கைலாசம்.

தூக்க விடாமல் தடுக்கிறார் பார், என்று நினைத்தேன். அவர் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி பொறுமையாக ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பச் சொன்னார். எப்போதும் மிசினுக்குப் பின்னால் நிற்க வேண்டும். மூக்கு நம்மைப் பார்த்துத் திரும்பிவிட்டால் இடது வலது எல்லாம் மாறிப்போகும். வாலைப் பார்க்கக் கூடாது, மூக்கைத்தான் பார்க்க வேண்டும். குச்சியை அமுக்கக் கூடாது, விரல் லேசாகத் தொட்டால் போதும். போகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் கொஞ்சம் தட்டிவிட்டு உடனே விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் அந்த எதிர்ப்பக்கமே ஓடிவிடும். இத்தனையும் எனக்கு ஏன் சொல்கிறார், இதில் எது பொய் என்று ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தேன். வாலைப் பார்த்தேன், மூக்கு சுழன்று கொண்டு போய்க் கடலைச் செடியில் குத்தியது. அவர் சொன்னதுதான் சரி. எனக்கு அதிலும் எரிச்சல்தான்.

ஆனால் ஒருநாள் அது எழும்பியது. ஒரு முழ உயரம்தான். பந்துகள் தரையை விட்டு நான்கும் விலகி, மிசின் அந்தரத்தில் நின்றது. என் இரண்டு விரலுக்குக் கட்டுப்பட்டு நின்றது! நான் மூச்சு விடவே இல்லை. இறக்கி வைத்தபிறகு பார்த்தால் ரவிக்கை முதுகெல்லாம் நனைந்து கிடக்கிறது. சந்தோசம் என்றால் அப்படி ஒரு சந்தோசம். கல்யாணத்தன்று கூட எனக்கு அப்படி இருந்ததில்லை. அதை அவரிடம் காட்டிக்கொள்ளாமல், "பரவாயில்லீங்க" என்று மட்டும் சொன்னேன்.

முட்டை ஏறவில்லை. ஆடிக்காற்றும் வந்துவிட்டது. எட்டு மணிக்கெல்லாம் புழுதி எழும்பி முகத்தில் அறையும், மிசினைத் தூக்கவே முடியாது. வெள்ளிக்கிழமை வியாபாரியின் வேன் வருகிறது. அதற்குள் பண்ணை வேலி வரைக்கும் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று நான் துடித்தேன். "காத்து எந்திரிக்கறதுக்கு முன்னால வந்தீங்கன்னா பாக்கலாம். கெழக்க வெளுக்கறப்ப வாங்க" என்றார் கைலாசம்.

வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரர் வழக்கம்போல நாலு மணிக்குப் பண்ணைக்குப் போய்விட்டார். அவரிடம் நான் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை. ராமாயியை எழுப்பிக்கொண்டு, ஊர்க்கிணற்றுப் பக்கம் சுற்றி, பின்வழியாகக் கைலாசத்தின் காட்டுக்குப் போனேன். கீழ்வானம் அப்போதுதான் வெளுத்துக்கொண்டிருந்தது. காற்றே இல்லை. மிசின் தயாராக நின்றது.

தூக்கினேன். ஒழுங்காக எழும்பியது. இடுப்பு உயரத்துக்கு வந்ததும் நிறுத்தினேன். மெல்ல மூக்கைச் சாய்த்து வேலிப்பக்கமாக ஓட்டினேன். அதன் பின்னாலேயே நடந்தேன். இன்னும் கொஞ்சம் போனால் பண்ணை. கோழி மிரளுகிறதா இல்லையா என்று இன்றைக்குத் தெரிந்துவிடும், தெரிந்தால் வேனைத் திருப்பி அனுப்பிவிட்டு அண்ணன்காரரைத் தெருவில் நிறுத்தி நாலு கேள்வி கேட்கலாம் என்று மனது கணக்குப் போட்டது. கோழிகளைப் பார்க்கலாம் என்று நிமிர்ந்தேன்.

பண்ணை இருட்டாக இருந்தது.

ஒரு பல்பு கூட எரியவில்லை. கரண்டு போயிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் கைலாசத்தின் மோட்டார் ரூமில் பல்பு எரிகிறது. அதுவும் இதுவும் ஒரே கம்பத்தில் இருந்து வருகிற லைன். என் வீட்டுக்காரருக்கு ஏதாவது ஆகிவிட்டதா, நெஞ்சு வலியா, பாம்பு கடித்ததா? இல்லை. பண்ணை வாசலில் பீடி நெருப்பு ஒன்று சிவந்து, மங்கி, திரும்பச் சிவந்தது. அவர் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

"மூக்கைப் பாருங்கக்கா! அக்கா, மூக்கை!" என்று கைலாசம் கத்தினார். நான் பண்ணையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மிசின் சுழன்று என்னைப் பார்த்துத் திரும்பி, சரிந்து, வரப்பில் மோதியது. மர இறக்கை இரண்டாக உடைந்து பறந்தது. பெட்டியைக் கைலாசத்தின் கையில் கொடுத்துவிட்டு வேலியைத் தாண்டினேன். சேலை முள்ளில் மாட்டிக் கிழிந்தது, நிற்கவில்லை.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்ததும் பீடியைக் கீழே போட்டார். எழுந்திருக்கவில்லை. சுவிட்சுக்குப் பக்கத்தில், தீவன மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். உள்ளே கோழிகள் தூங்கிக்கொண்டிருந்தன.

"எத்தனை நாளா?" என்றேன்.

கீழே கிடந்த பீடியைக் காலால் தேய்த்தார்.

"எத்தனை நாளாங்க?"

"அந்த மிசினு வந்ததுல இருந்து" என்றார். "அண்ணன் கேட்டாரு சௌந்திரம். அப்பன் இல்லாத என்னையத் தூக்கி வளத்துனவரு. அவருகிட்ட இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. பண்ணை நட்டமாப் போனா நீயே உட்டுருவேன்னு நெனச்சேன். மிசினு வந்துது, பழி அதும்மேல போயிருமுன்னு..."

"அவருகிட்ட இல்லைன்னு சொல்ல வாய் வரலை. எங்கிட்டக் கேக்கவாச்சும் வந்துச்சா?"

எனக்கு அடிக்க வேண்டும் போல இருந்தது. அந்த மூட்டையை அவர் தலையில் கொட்ட வேண்டும் போல இருந்தது. அதற்குப் பதிலாக அழுகை வந்து தொலைந்தது.

"ஊர்ல ஒருத்தரை உடாமச் சந்தேகப்பட்டனுங்க. மிசினுக்காரரைச் சந்தேகப்பட்டேன். பாவம், அந்த மனுசன் பந்தைக்கூடப் பிடுங்கிப் பாத்தேன். உங்களைய ஒருத்தரைத்தானுங்க நெனச்சே பாக்கலை."

நான் போய்ச் சுவிட்சைப் போட்டேன். கோழிகள் ஒவ்வொன்றாகக் கழுத்தை நீட்டி விழித்தன.

வெயில் வந்ததும் வேன் வந்தது. வியாபாரி சின்னராஜ் காலிக் கூண்டுகளை இறக்க ஆரம்பித்தார். நான் வாசலை மறித்து நின்றேன், வாயே திறக்கவில்லை. வழக்கமாக எல்லாருக்கும் பதில் சொல்வது நான்தான். இன்றைக்குச் சொல்லப் போவதில்லை. என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார், வேனைப் பார்த்தார்.

"கோழி குடுக்கறதில்லீங்க" என்றார்.

"என்னங்க இது! உங்கண்ணன் பேசி முடிச்சாச்சுன்னாரே?"

அவர் ஒரு காலிக் கூண்டைத் தூக்கித் திரும்ப வேனில் வைத்தார். "பண்ணை அவளுதுங்க. அவளைக் கேக்காம நாஞ் சரின்னது தப்பு. எங்கண்ணங்கிட்டயும் நானே போய்ச் சொல்லிக்கறேன்" என்றார்.

சொன்னபடி அன்று மத்தியானமே அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். செருப்பால் அடிக்காத குறையாகப் பேசி அனுப்பியிருக்கிறார் செங்கோட்டையன். முகம் கறுத்து வந்து உட்கார்ந்தவருக்குச் சோறு போட்டேன். "இன்னும் கோவமா?" என்றார். ரசம் ஊற்றினேன். கோபம் போய்விட்டது என்று சொல்லலாம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அது பொய்யும் இல்லை. ஆனால் கோபம் போன இடத்தில் வேறு ஒன்று வந்து உட்கார்ந்திருந்தது, அதற்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் விடியக்காலை அவர் தாழ்ப்பாளைத் திறக்கும் சத்தம் கேட்டது. கல்யாணம் ஆன நாளில் இருந்து அந்தச் சத்தம் கேட்டால் திரும்பிப் படுத்து இன்னொரு தூக்கம் போடுவேன். அன்றைக்கு எழுந்து, முடியை அள்ளிச் செருகிக்கொண்டு, அவருக்குப் பின்னால் நடந்தேன். பாதி வழியில் அவர் திரும்பிப் பார்த்தார். ஏன் வருகிறாய் என்று கேட்கவில்லை. தலையைத் திருப்பிக்கொண்டு முன்னால் நடந்தார்.