திறக்காத பக்கம்

காலையில் ஸ்டுடியோவைத் திறந்ததும் நான் செய்த முதல் வேலை, ரவுட்டரின் அமைப்புக்குள் புகுந்து, டிஎன்எஸ் என்ற இடத்தில் இருந்த எண்களை அழித்துவிட்டு வேறு எண்களைப் போட்டதுதான். முடித்ததும் உள்ளுக்குள் ஒரு துள்ளல். யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் போலிருந்தது. எனக்கு அப்படித் தோன்றுவது அபூர்வம்.

அக்காவிடம் சொன்னேன். அவள் கீழே வரவேற்பு மேஜைக்குப் பின்னால் குட்டிக் குட்டிப் போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தாள். பிறந்து சில நாட்களே ஆன குழந்தைகளைப் படம் எடுப்பதுதான் எங்கள் தொழில்.

"நாம ஒரு வெப்சைட் பேரை அடிக்கிறோம்ல, அது எங்க இருக்குன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியாது. யார்கிட்டயாவது விலாசம் கேக்கணும். இவ்வளவு நாள் நெட் கம்பெனிக்காரன்கிட்ட கேட்டுச்சு. அவன் எந்த வீட்டைக் கேட்டாலும் கையைக் காட்டி விட்டுருவான். இனிமே வேற ஒருத்தர்கிட்ட கேக்கும். அவருக்குத் திருட்டுப்பயலுங்க வீடெல்லாம் தெரியும். அங்க போகணும்னா வழி சொல்ல மாட்டாரு."

"அவருக்கே தெரியாத புதுத் திருடன் வந்தா?"

"அப்ப நாமதான் பாத்துக்கணும்."

"நல்ல காவக்காரனைப் பிடிச்சேடா" என்று சொல்லிவிட்டு அடுத்த போர்வையை எடுத்தாள்.

அத்தானிடம் சொல்லவில்லை. அவர் மாடியில் ஒரு குழந்தை தூங்குவதற்காகக் காத்திருந்தார். அந்த விஷயத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. குழந்தை கண்ணை மூடி, விரல்களைத் தளர்த்தி, உதட்டோரம் லேசாகச் சிரிக்கும்வரை கேமராவும் கையுமாக மூச்சுகூட விடாமல் நிற்பார். ஆனால் கணினி முன்னால் உட்கார்ந்தால் வேறு மனிதர். அக்கா அவருக்கு வைத்திருக்கும் பெயர் அவசரக்குடுக்கை.

எடுக்கும் படமெல்லாம் இணையத்தில் ஒரு சேமிப்புக் கணக்கில் இருக்கிறது. எத்தனையோ வீட்டுப் பிள்ளைகள், துணிகூட இல்லாமல், எங்களை நம்பி அங்கே தூங்குகிறார்கள். கணக்கின் பாஸ்வேர்டு அத்தானுக்குத் தெரியும். அதைப் போட்டதும் ஆறு இலக்க எண் ஒன்று வரும். அது அக்காவின் போனுக்கு வரும். படியேறி இறங்க யாருக்குப் பொறுமை? அத்தான் மேலிருந்து "நம்பர்!" என்று கத்துவார். அக்கா செய்கிற வேலையிலிருந்து தலையைத் தூக்காமல் கீழிருந்து ஒவ்வொரு எண்ணாகக் கத்துவாள். சோபாவில் காத்திருக்கும் பெற்றோர்கள் காதிலும் விழும். இதில் தப்பு இருப்பதாக நாங்கள் ஒருநாளும் நினைத்ததில்லை. எனக்கே தோன்றவில்லை.

மதியம், குழந்தையும் அதன் பெற்றோரும் போன பிறகு, அத்தானின் குரல் கேட்டது.

"மாப்ள! நெட் போச்சு!"

நானும் மாடியில் என் மேஜையில்தான் இருந்தேன்; எழுந்து அவர் மேஜைக்குப் போனேன். சேமிப்புக் கணக்கை நடத்தும் நிறுவனத்திடமிருந்து ஒரு மின்னஞ்சல். இன்றோடு கணக்கை மூடப்போகிறார்களாம், உடனே உறுதிசெய்யாவிட்டால் எல்லாப் படமும் அழிந்துவிடுமாம். அத்தானின் நெற்றியில் வேர்வை.

"இதுல இருக்கற லிங்க்கை அமுக்குறேன், அமுக்குறேன், திறக்கவே மாட்டேங்குது. காலைல ரவுட்டர்ல என்னத்தையோ நோண்டிட்டு இருந்தியே?"

"டிஎன்எஸ் மாத்தினேன் அத்தான்."

"நல்லா ஓடிட்டு இருந்த வண்டியை எதுக்குப் பிரிக்கிற? முதல்ல பழையபடி மாத்து. பிள்ளைங்க படமெல்லாம் போயிரும்!"

'இந்தத் தளத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை' என்று மட்டும்தான் திரையில் இருந்தது. ஏன் என்று ஒரு வார்த்தை இல்லை. என்மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. எண்ணைத் தப்பாகப் போட்டுவிட்டேனா? என் மேஜைக்குத் திரும்பி ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தேன். பழைய எண்களைப் போடக் கை போனது.

போகிற போக்கில் வேறொரு தளத்தைத் திறந்து பார்த்தேன். திறந்தது. இன்னொன்று. அதுவும் திறந்தது. எங்கள் சேமிப்புக் கணக்கின் உண்மையான முகவரியை என் கையால் அடித்தேன். சட்டென்று வந்து நின்றது, எல்லாக் குழந்தைகளோடும். மூடப்போகிறோம் என்ற பேச்சே அங்கே இல்லை.

எல்லாம் திறக்கிறது, அது ஒன்று மட்டும் திறக்கவில்லை. கெட்டுப்போகவில்லை, வேலை செய்கிறது! வழி சொல்ல மறுத்திருக்கிறார் அந்த ஆள்! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"அத்தான், அது திருட்டுப் பக்கம்!" என்று திரும்பினேன்.

நாற்காலி காலி.

எங்கள் ஸ்டுடியோவில் வைஃபை மக்கர் செய்தால் எல்லாரும் ஒன்றுதான் செய்வோம்: போனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவுக்கு மாறி, சிக்னலுக்காகப் படிக்கட்டு ஜன்னலோரம் போய் நிற்போம். போனின் டேட்டா என் ரவுட்டர் வழியாகப் போகாது. அது இன்னமும் பழைய ஆளிடம்தான் வழி கேட்கும்.

ஜன்னலிலிருந்து அத்தானின் குரல் வந்தது. "இதோ திறந்துருச்சு பாரு! ஏய், நம்பர்!"

கீழிருந்து அக்கா, வழக்கம்போல, "ஏழு!"

பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டார். திருடன் அதை அப்படியே எங்கள் உண்மையான கணக்கில் போட்டிருக்கிறான், அதனால்தான் அக்காவுக்கு எண் வந்திருக்கிறது. நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினேன்.

"ரெண்டு!"

"ம், அப்புறம்?"

"ஒம்போது!"

"அக்கா, சொல்லாதே!" என் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது. படிக்கட்டுச் சுவரெல்லாம் அதிர்ந்தது. "வாயை மூடு! ஒண்ணும் சொல்லாதே!"

"என்னடா ஆச்சு? பாம்பா?"

அத்தான் கையிலிருந்து போனைப் பறித்தேன். மூன்று கட்டங்கள் நிரம்பியிருந்தன. மூன்று காலியாக இருந்தன. மேலே பெரிய எழுத்தில் நிறுவனத்தின் பெயர், அப்படியே அச்சு அசலாக. முகவரியைக் காட்டினேன். எங்கேயோ ஒரு பெயர், கேள்விப்பட்டே இராத ஒன்று.

அத்தானின் முகம் வெளுத்தது. "பாஸ்வேர்டு போட்டுட்டேனே மாப்ள."

"நம்பர் இல்லாம உள்ள வர முடியாது. ஆனா திரும்பத் திரும்ப முயற்சி பண்ணுவான். வாங்க, அதுக்குள்ள மாத்துவோம்."

என் கணினிக்கு ஓடினோம். உண்மையான கணக்கு இன்னும் திறந்தே இருந்தது. பாஸ்வேர்டை மாற்று. பழையதைக் கொடு. புதியதைக் கொடு. உறுதிசெய்ய அக்காவின் போனுக்கு எண் அனுப்பியிருக்கிறதாம்.

"அக்கா, நம்பர்!"

பதில் இல்லை.

"அக்கா!"

"சொல்ல மாட்டேன்! நீதானே சொல்லாதேன்னே!"

"இது வேற நம்பர்!"

"எனக்கு ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கு. வேணும்னா இறங்கி வந்து பாத்துக்க!"

அத்தான் தலையில் கைவைத்துக்கொண்டார். நான் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினேன். அக்கா போனை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். என் முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் திரையைக் காட்டினாள். எண்ணை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே மேலே ஏறினேன். பின்னாலேயே அவளும் வந்தாள்.

மாறிவிட்டது. மற்ற எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்று என்பதையும் அழுத்தினேன். மூன்று பேரும் ஒரு திரைமுன் குனிந்திருந்தோம். அக்கா போனில் மணி அடித்தது. யாரோ பழைய பாஸ்வேர்டோடு நுழைய முயன்று தோற்றதாகச் செய்தி.

"வந்துட்டான்" என்றாள் அக்கா.

"கதவு சாத்தியாச்சு" என்றேன்.

அத்தான் மெல்லப் படங்களை உருட்டிப் பார்த்தார். எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கொட்டாவி விட்டபடி.

அப்புறம் தன் போனை என் முன் வைத்தார். "இதுலயும் அந்த ஆளைப் போடு மாப்ள. இவ போன்லயும்."

போட்டேன். போனுக்கும் அதற்கென்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே மாற்றினால் டேட்டாவில் போனாலும் புதிய ஆளிடம்தான் கேட்கும். முடித்ததும் அத்தான் வைஃபையை அணைத்தார். ஜன்னலோரம் போய் நின்று, அந்த மின்னஞ்சலை மறுபடி திறந்தார்.

"என்னங்க, மறுபடியுமா?" என்று அக்கா பாய்ந்தாள்.

"இரு, சும்மா சோதனை." இணைப்பை அமுக்கினார். காத்திருந்தார், குழந்தை தூங்குவதற்குக் காத்திருப்பதைப்போல. பிறகு போனைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு குதித்தார்.

"வரலடா மாப்ள! வரவே இல்ல!"