கதவுக்குப் பின்னால் ஒரு அட்டை

முப்பத்தேழாவது வீட்டு வாசலில் பானுமதி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே அந்தக் குப்பத்தில் மணல் அடுப்பாய்ச் சுட்டது. சுகாதாரத் துறையில், வீடு வீடாகக் கொசுப்புழு பார்க்கும் தினக்கூலி வேலை அவளுக்கு. புது ஃப்ளூ வந்ததிலிருந்து காய்ச்சல் கணக்கெடுக்கவும் அவளைத்தான் அனுப்பினார்கள். நெற்றிக்கு நேரே தெர்மாமீட்டரைக் காட்ட வேண்டும். கதவுக்குப் பின்னால் ஒட்டிய அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும்.

காய்ச்சல் அவளுக்கே இருந்தது. காலையிலேயே சூப்பர்வைசர் சரவணகுமாருக்கு போன் செய்து சொல்லியிருந்தாள்.

"மாத்திரை போட்டுகினு வா பானு. ஆளில்ல. நீ வரலன்னா வேற ஆளப் போட்டுடுவாங்க, அப்பால என்னக் கேக்காத."

நல்ல மனுஷன். எந்த மாத்திரை என்றுகூடச் சொன்னார்.

வாசலில் மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்த அந்த வீட்டுப் பூவாயி நிமிர்ந்து பார்த்தாள். "இன்னாம்மே, மூஞ்சி செவந்துகீது? உள்ள வந்து ஒக்காரு."

பூவாயி கொடுத்த மோரை முகக்கவசத்தை இறக்கிக் குடித்தாள் பானுமதி. புரையேறி இருமினாள். பூவாயி முதுகைத் தடவிவிட்டாள். பிறகு பானுமதி பூவாயியின் நெற்றிக்குத் தெர்மாமீட்டரைக் காட்டி, அட்டையில் 'காய்ச்சல் இல்லை' என்று எழுதினாள்.

பத்தாம் நாள் சுகாதார அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். மேசைமேல் குப்பத்தின் வரைபடம். காய்ச்சல் கண்ட வீடுகளுக்கு டாக்டர் சிவப்புப் பொட்டு வைத்து, அட்டைகளில் இருந்த தேதிகளைப் பக்கத்தில் எழுதியிருந்தார். பானுமதி நடந்த வழியிலேயே பொட்டுகள் போயின. பூவாயி வீட்டுப் பொட்டைச் சுற்றி ஒரு வட்டம். மூச்சுத் திணறி அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

"காய்ச்சலோட ஏம்மா வீடு வீடாப் போனீங்க?" என்றார் டாக்டர்.

"சூப்பர்வைசர் சார்கிட்ட சொன்னேன் சார்."

சரவணகுமார் வரைபடத்தின் ஓரம் சுருளாமல் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். "எங்கிட்ட ஒண்ணும் சொல்லல சார்."

மறுநாளிலிருந்து வேலை இல்லை. பூவாயிக்காக அழுவதாகத்தான் பானுமதி நினைத்துக்கொண்டாள். வேலைக்காகவும்தான் அழுதாள்.

திங்கட்கிழமை அவள் வீட்டுக்கே புது ஆள் வந்தாள். ஜெனிஃபர் என்று பெயர். தோளில் பானுமதி சுமந்த அதே பை.

"நெத்தியக் காட்டுக்கா." சொல்லும்போதே இருமல் வந்தது.

பானுமதி தெர்மாமீட்டரை வாங்கி அவள் பக்கம் திருப்பினாள். நூற்றொன்று.

"சார்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன்க்கா. மாத்திரை போட்டுகினு வரச் சொன்னாரு."

ஜெனிஃபர் தெர்மாமீட்டரைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். கதவைச் சாய்த்து, அட்டையில் பானுமதியின் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டாள். பிறகு முகக்கவசத்தை ஏற்றிவிட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.